திரும்பி வந்த பிறகு: முன்னாள் படைவீரர்களின் கதைகளில் நாம் படிக்காமல் விடுவது

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

என் மகனுக்கு 17 வயதாகிறது. அவனுக்குச் சொல்வதற்காக முன்னாள் படைவீரர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். எந்த நாட்டு வீரரானாலும், எந்தப் போரானாலும், கடைசிப் பத்தியில் ஒழுக்கம், துணிவு, தியாகம் என்ற மூன்று சொற்கள்தான் வந்து நிற்கின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் போர்க்களத்தையே பார்க்கப்போகாத ஒரு பையன் தன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ள இந்தக் கதைகளில் வேறு எதுவும் இல்லையா?

பிப்ரவரி 4, இரவு

இருக்கிறது. அந்தக் கதைகளைச் சொல்பவர்கள் பதக்கம் குத்தப்படும் இடத்தோடு நிறுத்திக்கொள்வதால்தான் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீரச்செயல் என்பது பெரும்பாலும் சில நிமிடங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. அதைச் செய்தவரோ அதன் பிறகு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தாக வேண்டும். போருக்குப் போகாதவர்களுக்குப் பயன்படுவது அந்த ஆண்டுகளில்தான் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இயான் கார்டோசோவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 இந்தியா–பாகிஸ்தான் போரின்போது, இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில், இந்திய இராணுவத்தின் கூர்க்கா படைப்பிரிவில் மேஜராக இருந்த அவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். சிதைந்த காலை அகற்ற மார்ஃபினும் இல்லை, அறுவைக் கருவியும் இல்லை என்ற நிலையில், கூர்க்காக்களின் வளைந்த கத்தியான தம் குக்ரியாலேயே அதை அறுத்துவிட்டு, கொண்டுபோய்ப் புதைத்துவிடச் சொன்னார். எல்லாரும் எழுதுவது இந்த ஒரு காட்சியைத்தான். கேட்கும்போது உடல் சிலிர்க்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சிலிர்ப்பை வைத்துக்கொண்டு உங்கள் மகன் மறுநாள் காலையில் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். அவருக்கு முறையான அறுவை சிகிச்சை செய்தவர், போர்க்கைதியாகப் பிடிபட்டிருந்த பாகிஸ்தான் இராணுவ மருத்துவர் மேஜர் முகம்மது பஷீர். எதிரியின் கையால் சிகிச்சை பெறக் கார்டோசோ முதலில் மறுத்தார். மேலதிகாரி வற்புறுத்திய பிறகே இணங்கினார். அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லாமல் போனதைப் பின்னாளில் வருத்தத்தோடு பேசியிருக்கிறார். செயற்கைக் காலுடன் பணியில் தொடரத் தமக்குத் தகுதி உண்டு என்பதைத் தேர்வுகளிலும் மலைப்பகுதிகளிலும் திரும்பத் திரும்ப மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அப்படி மெய்ப்பித்துத்தான், காலிழந்த நிலையில் பட்டாலியனுக்கும் பின்னர் பிரிகேடுக்கும் தலைமை ஏற்று, மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்றார். உதவியை மறுத்த பிடிவாதம், பிறகு அதைப் பெற்றுக்கொண்டது, சொல்லாமல் போன நன்றி, ஆண்டுக்கணக்கில் நீண்ட தகுதிப் போராட்டம் ஆகிய நான்கும் போருக்குப் போகாத எவருடைய வாழ்க்கையிலும் வரக்கூடியவையே.

பிப்ரவரி 5

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஓய்வூதியத்தையும் முழங்கால் வலியையும் தவிரச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஹாரி பாட்ச் என்ற பிரிட்டிஷ் வீரரின் வாழ்க்கையைப் பரிந்துரைக்கிறேன். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் போரிட்டவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர். 2009இல் 111ஆம் வயதில் காலமானார். குழாய்ப் பணியாளராக உழைத்துப் பிழைத்தவர். 1917 செப்டம்பர் 22 அன்று, பெல்ஜியத்தில் நடந்த பாஷன்டேல் போரில் வெடித்த எறிகுண்டு ஒன்று அவரைக் காயப்படுத்தியது. அவரோடு ஒரே இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய குழுவினரில் மூவரைக் கொன்றது. அதைப் பற்றி 1998 வரை, அதாவது தமக்கு 100 வயதாகும்வரை, அவர் வெளியில் வாய்திறக்கவேயில்லை. நாடு முழுவதும் நவம்பரில் நினைவுநாள் கொண்டாட, அவர் மட்டும் செப்டம்பர் 22ஐத் தம் தனிப்பட்ட நினைவுநாளாக வைத்திருந்தார்.

எண்பது ஆண்டு மௌனத்தை வெறும் முழங்கால் வலியோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. தம்மிடம் துப்பாக்கிமுனைக் கத்தியோடு ஓடிவந்த ஜெர்மானிய வீரனைக் கொல்லாமல், காயப்படுத்தி மட்டும் விட்டதை அவர் முதுமையில் விவரித்தார். 2004இல், அதே போர்முனையில் எதிர்ப்புறம் நின்ற ஷார்ல் குயன்ட்ஸ் என்ற முதியவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். இருவருமே அப்போது நூறு வயதைக் கடந்தவர்கள்.

பிப்ரவரி 7

இதுவரை புகழ்பெற்றவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன். என் பெரியப்பா இராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். பதக்கம் எதுவும் பெற்றவர் அல்லர். சிறுவயதில் பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், இரவில் எல்லாரும் படுத்த பிறகு அவர் ஒருமுறை எழுந்து வருவார். வரிசையாகப் படுத்திருக்கும் எங்கள் ஒவ்வொருவரின் கழுத்தோரத்திலும், தாடைக்குக் கீழே, இரண்டு விரல்களை வைத்துச் சில விநாடிகள் குனிந்தபடியே இருந்துவிட்டு அடுத்தவரிடம் போவார். நாங்கள் தூங்குவதுபோல நடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவோம். நாடி பார்க்கிறார் என்பதையும், யாருடைய நாடியோ கிடைக்காமல் போன ஓர் இரவு அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்பதையும் வளர்ந்த பிறகே உணர்ந்தேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, போர்க்காலத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் போரைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு துண்டையும் பென்சிலையும் எடுத்துவரச் சொல்லி, இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டை என் முன்கையிலேயே போட்டுக்காட்டினார். காயத்துக்கு மேலே துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் பென்சிலை வைத்து இன்னொரு முடிச்சிட்டு, விரல்நுனி வெளுத்து மரத்துப்போகும்வரை திருகினார். அப்போது நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்க்க, அவர் விடவில்லை. "கட்டினதோட முடிஞ்சிடல. எத்தனை மணிக்குக் கட்டினேன்னு நெத்தியிலயே எழுதணும். அடுத்து வர்ற டாக்டருக்கு அது தெரியலைன்னா, காலைக் காப்பாத்தலாமா வெட்டணுமான்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார். குருதியோட்டம் நின்ற உறுப்பு எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த முடிவு எடுக்கப்படுகிறது என்பதால், உலகின் பல படைகளிலும் இந்த நேரக்குறிப்பு கட்டாயம்.

நான் அவரிடம் கற்றுக்கொண்டது இதைத்தான். நம் கையில் இருக்கும் வேலை இன்னொருவர் கைக்குப் போகப்போகிறது என்றால், அவருக்குத் தேவையானதை நாம் களைத்துப்போயிருக்கும்போதும் எழுதிவைத்துவிட வேண்டும். என் அலுவல் வாழ்க்கையில் இதைவிடப் பயன்பட்ட அறிவுரை வேறு எதுவும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 8

மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக ஜேம்ஸ் ஸ்டாக்டேலை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அவர் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்படும் பாடம் பெரும்பாலும் பாதியில் வெட்டப்பட்டதாகவே இருக்கிறது.

அமெரிக்கக் கடற்படை விமானியான ஸ்டாக்டேல் 1965 செப்டம்பரில் வட வியட்நாமின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, 1973 பிப்ரவரி வரை ஏழாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். அடுத்த பண்டிகைக்குள் வீடு திரும்பிவிடுவோம் என்று நாள் குறித்துக் காத்திருந்தவர்கள் அந்த நாள் கடந்ததும் உடைந்துபோனார்கள் என்றும், இறுதியில் மீள்வோம் என்ற நம்பிக்கையை விடாமல், இன்றைய நிலைமையின் கொடுமையையும் மறைத்துக்கொள்ளாமல் இருந்தவர்களே தாக்குப்பிடித்தார்கள் என்றும் அவர் சொன்னது நிறுவன மேலாளர்களுக்கான பயிலரங்குகள் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. சரிதான். ஆனால் அந்தச் சிறையில் மனிதர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கான விளக்கம் ஒருவருடைய மனப்பான்மையில் மட்டும் இல்லை, சுவரில் இருந்தது.

கைதிகள் பேசிக்கொள்ளத் தடை. ஆகவே அவர்கள் சுவரைத் தட்டிப் பேசினார்கள். ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் அடுக்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் முதலில் அது இருக்கும் கிடைவரிசையின் எண்ணையும் பிறகு நெடுவரிசையின் எண்ணையும் தட்டுவது அந்த முறை. அதைச் சிறைக்குள் கொண்டுவந்தவர் கார்லைல் ஹாரிஸ் என்ற விமானப்படை அதிகாரி. பயிற்சிக்காலத்தில் வகுப்பு முடிந்த பிறகு ஆசிரியரிடம் பேச்சுக்கொடுத்தபோது தற்செயலாகக் கேட்டறிந்தது அது, பாடத்திட்டத்தில் இருந்ததன்று.

சித்திரவதையின் முன் எவரும் ஒரு கட்டத்தில் உடைந்துதான் தீர்வார்கள் என்பதை ஸ்டாக்டேல் அறிந்திருந்தார், அவரே உடைக்கப்பட்டவர். எனவே, கைதிகளுக்கு அவர் வகுத்துக்கொடுத்த விதிகள் யாரும் எப்போதும் வாய்திறக்கக் கூடாது என்று கட்டளையிடவில்லை. எதையெல்லாம் எதிர்த்து நிற்க வேண்டும் என்ற எல்லைகளை மட்டும் வரைந்து, தனிமனித நலனுக்கு மேலாக ஒற்றுமையை வைத்தார். சித்திரவதை அறையிலிருந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுத் தன் கொட்டடிக்குத் திரும்புகிறவன், தான் துரோகி ஆகிவிட்டதாக நினைத்து, சுவரருகே போகவே கூசுவான். அப்போது அடுத்த கொட்டடியிலிருந்து தட்டும் ஒலி வரும்: எங்களுக்கும் இதுவே நடந்தது, நீ எங்களில் ஒருவன்தான் என்ற செய்தி அதில் இருக்கும்.

உடையாமல் இருப்பது எப்படி என்று கற்பிப்பதைவிட, உடைந்தவனை அதே நாளில் திரும்பச் சேர்த்துக்கொள்வது எப்படி என்று கற்பிப்பது ஒரு குடும்பத்துக்கும் பள்ளிக்கும் அதிகம் தேவைப்படுகிறது. தேர்வில் தோற்றுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு மனவுறுதியைப் பற்றிய சொற்பொழிவு எந்த வகையிலும் உதவாது. அந்தக் கதவை யாராவது தட்ட வேண்டும்.

பிப்ரவரி 9

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாம் கேட்கும் கதைகளெல்லாம் பிழைத்து வந்தவர்கள் சொன்னவை. உறுதியாக இருந்தும் செத்துப்போனவர்கள் தங்கள் பாடத்தைச் சொல்ல வரவில்லை. ஆகையால், இன்ன மனப்பான்மை இருந்தால் பிழைக்கலாம் என்ற முடிவுக்கு வருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் உலகப்போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகத் தங்கள் படையினராலேயே சுட்டுக்கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்களுக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் பலர் மனம் சிதைந்த நிலையில் இருந்தவர்கள் என்று இன்று ஏற்றுக்கொள்கிறோம். அவர்களும் படைவீரர்களே; துணிவைப் பற்றிய எந்தத் தொகுப்பிலும் அவர்களுக்கு ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

பிப்ரவரி 12

ஒழுக்கமும் கீழ்ப்படிதலும் இல்லாத இளைய தலைமுறைக்கு ஹிரோ ஓனோடாவின் கதையைச் சொல்லலாமே என்று கேட்டவருக்கு: சொல்லலாம், ஆனால் முழுமையாகச் சொல்ல வேண்டும்.

1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்ட இந்த ஜப்பானிய உளவு அதிகாரிக்கு, சரணடையவும் கூடாது, உயிரை மாய்த்துக்கொள்ளவும் கூடாது என்பது கட்டளை. போர் முடிந்ததை அறிவித்து வானிலிருந்து போடப்பட்ட துண்டறிக்கைகளையும், குடும்பத்தாரின் கடிதங்களையும் நிழற்படங்களையும்கூட எதிரியின் சூழ்ச்சி என்றே அவர் தள்ளிவிட்டார். உடனிருந்த மூவரில் ஒருவர் 1950இல் சரணடைந்தார்; மற்ற இருவரும் 1954இலும் 1972இலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். கடைசியில், புத்தக வணிகராக மாறிவிட்டிருந்த அவருடைய பழைய மேலதிகாரி 1974 மார்ச்சில் நேரில் வந்து கட்டளையை விலக்கிக்கொண்ட பிறகே அவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

இவ்வளவும் வியப்புக்குரியது. ஆனால் அந்த ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் அவரும் அவருடைய தோழர்களும் அந்தத் தீவின் மக்களில் சுமார் முப்பது பேரைக் கொன்றார்கள். வயலுக்குப் போனவர்கள், மாடு மேய்க்கப் போனவர்கள். ஒருவருடைய விடாப்பிடியான விசுவாசத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ என்பது அந்தக் கதையின் அடிக்குறிப்பில் போட வேண்டிய செய்தி அன்று. தன் நம்பிக்கைக்கு எதிரான ஒவ்வொரு சான்றையும் சூழ்ச்சி என்று விளக்கிவிட முடிந்த ஒரு கூர்மையான மூளை எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிய இதைவிடத் தெளிவான வாழ்க்கை கிடையாது. உறுதியைப் போற்றும் அதே வேளையில், எந்தச் சான்று கிடைத்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன் என்ற கேள்வியையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். பிற்காலத்தில் ஓனோடா ஜப்பானில் சிறுவர்களுக்கான இயற்கைப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 13

அப்படியானால் கட்டளையை மீறுவதுதான் துணிவா என்று உடனே கேள்வி வந்திருக்கிறது. பொதுவாக அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஹ்யூ தாம்ப்சனின் வாழ்க்கை இருக்கிறது.

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் ஆயுதமில்லாத மக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, ஹெலிகாப்டர் விமானியான தாம்ப்சன், தப்பியோடிய கிராமத்தினருக்கும் அவர்களை நெருங்கிய தம் நாட்டு வீரர்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். மக்களை நோக்கிச் சுட்டால் திருப்பிச் சுடுமாறு தம் குழுவைச் சேர்ந்த கால்பர்னுக்கும் ஆண்ட்ரியோட்டாவுக்கும் சொல்லிவிட்டு, ஒளிந்திருந்தவர்களை அங்கிருந்து மீட்டு அனுப்பினார். வானொலியில் அவர் கொடுத்த புகாரின் பேரில்தான் அந்தப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நிறுத்தப்பட்டது. இதற்காக அவருக்குக் கிடைத்தவை கொலை மிரட்டல்களும், வீட்டு வாசலில் போடப்பட்ட செத்த விலங்குகளும், துரோகி என்ற பெயரும். அவரும் அவருடைய குழுவும் அதிகாரபூர்வமாகப் பாராட்டப்பட்டது 1998இல். ஆண்ட்ரியோட்டா 1968 ஏப்ரலிலேயே போரில் இறந்துவிட்டிருந்தார்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இடையிலுள்ள முப்பது ஆண்டுகள்தான். சரியானதைச் செய்தவனை உலகம் சீக்கிரமே புரிந்துகொள்ளும் என்று நாம் பிள்ளைகளிடம் சொல்லும் ஆறுதல் அவர் வாழ்க்கையில் பலிக்கவில்லை. அப்படிப் பலிக்காமல் போகலாம் என்று தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்யப் பிள்ளைகள் பழக வேண்டும் என்றால், நாமும் பரிசு கிடைக்கும் கதைகளையே பொறுக்கி எடுத்துச் சொல்வதை நிறுத்த வேண்டும். 1998இல் அந்தக் கிராமத்துக்கு அவர் திரும்பிப் போனபோது, அன்று காப்பாற்றப்பட்ட பெண்களில் ஒருவர், சுட்டவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை என்று கேட்டாராம். தாம்ப்சன் நிலைகுலைந்து நிற்க, வந்திருந்தால் நாங்கள் அவர்களை மன்னித்திருப்போமே என்று அந்தப் பெண் சொல்லி முடித்ததை அவரே பதிவுசெய்திருக்கிறார்.

பிப்ரவரி 16

மன்னிப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டதால், எரிக் லோமாக்ஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை அமைத்த சயாம்–பர்மா இரயில்பாதையில் வேலைவாங்கப்பட்ட இந்தப் பிரிட்டிஷ் கைதி, 1943இல் இரகசிய வானொலிப் பெட்டி ஒன்றுக்காகக் கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டார். அப்போது மொழிபெயர்ப்பாளராக நின்ற தகாஷி நாகாசேயைக் கொல்ல வேண்டும் என்ற வெறியோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்த அவர், 1993இல் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவரைச் சந்தித்து, இறுதியில் நட்புக்கொண்டார். அந்தச் சந்திப்புக்கு வழிதிறந்த முதல் கடிதத்தை நாகாசேக்கு எழுதியவர் பாட்டி (Patti) என்ற பெயருடைய லோமாக்ஸின் மனைவி. அதற்கு முன் சித்திரவதைக்கு ஆளானோருக்கான மருத்துவ அமைப்பின் உதவியும் லோமாக்ஸுக்குத் தேவைப்பட்டது. தனியொருவரின் பெருந்தன்மையால் ஒரே நாளில் நடந்த காரியமாக இதைச் சொல்வது, உடன் வாழ்ந்தவரின் உழைப்பை மறைத்துவிடுகிறது.

பெரியப்பாவைப் பற்றி எழுதியபோது பெரியம்மாவைச் சொல்லாமல் விட்டதும் அதே போன்றதுதான். தூங்கும் அவரைப் பெரியம்மா ஒருபோதும் தொட்டு எழுப்பியதில்லை. கட்டிலின் கால்மாட்டில் கைக்கெட்டாத தொலைவில் நின்றுகொண்டு, "என்னங்க, நான்தான்" என்று ஒரே சீரான குரலில், அவர் கண்திறந்து பார்க்கும்வரை சொல்வார். எங்களுக்கும் அதையே பழக்கியிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை. மணமான புதிதில் தாமாகவே கண்டுபிடித்த முறை. போரிலிருந்து திரும்பியவரோடு வாழ்வதும் ஒரு கலை, அதைக் கற்றவர்களின் கதைகளையும் நாம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 20

மகனுக்கு எந்தக் கதையை முதலில் சொல்வது என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். தாம்ப்சனின் கதையைச் சொல்லுங்கள், முப்பது ஆண்டுகளையும் சேர்த்து. பிறகு சிறைச்சுவரைச் சொல்லுங்கள். ஓனோடாவை அவனுக்கு வாதம் செய்யும் வயது நன்றாக முற்றிய பிறகு சொல்லலாம். இருவருமாக உட்கார்ந்து சண்டை போடத் தகுந்த கதை அது.

அவனுக்குத் தெரிந்த வட்டத்திலேயே ஒரு முன்னாள் படைவீரர் இருந்தால் இன்னும் நல்லது. 1970 வாக்கில், வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் நியூயார்க்கில் சிறு குழுக்களாகக் கூடி ஒருவர் கதையை ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள். ஹைம் ஷாட்டன், ராபர்ட் லிஃப்டன் போன்ற மனநல மருத்துவர்கள் அவர்களோடு உட்கார்ந்தார்கள். அங்கே சேர்ந்த அனுபவமும் அதன் பிறகு நடந்த இயக்கமுமே, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் பிடிஎஸ்டி எனப்படும், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் இடம்பெறப் பெரிதும் காரணமாயின. கேட்பதற்கு ஆள் இருந்ததால் ஒரு நோய்க்கே பெயர் கிடைத்தது என்றால், கேட்பவனின் பொறுப்பு சிறிதன்று.

கேட்கும் முறையைப் பற்றி என் அனுபவத்தில் சொல்லக்கூடியவை இவை. யாரையாவது கொன்றிருக்கிறீர்களா என்று எக்காரணம் கொண்டும் கேட்க வேண்டாம். பக்கத்தில் படுத்தவர் யார், கடிதம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, காலணி நனைந்தால் என்ன செய்வீர்கள் என்பவை போன்ற கேள்விகளில் தொடங்கினால், சொல்ல விரும்புவதை அவரே தேர்ந்துகொள்வார். பேச்சு நின்றுபோனால் அதை நிரப்ப அவசரப்பட வேண்டாம். கைப்பேசியில் பதிவுசெய்வதாக இருந்தால் முதல் சந்திப்பில் வேண்டாம், பிறகும் அனுமதி கேட்டே செய்ய வேண்டும். எழுதி முடித்ததை அவரிடம் முழுவதுமாகப் படித்துக்காட்டி, அவர் எடுக்கச் சொல்லும் வரிகளை எடுத்துவிட்ட பிறகே வேறு எவருக்கும் காட்ட வேண்டும்.